வில்வம் என்று நினைத்துப் பிடுங்கிய மலைப்பூக்கள்

என்னைப் போன்ற ஒரு மடையனைக் கனடாவுக்குள் விட்டதே குடிவரவு அதிகாரிகளின் கவனக்குறைவு. பூப் பார்க்கக் கூட்டிப்போன இடத்தில் ஒரு மலைச்சரிவை மொட்டையடித்துவிட்டு வந்தவன் நான். உங்களிடம் மறைத்து என்ன பயன்?

போன கிழமை மாகாண அரசின் கடிதம் ஒன்று வந்தது. மூலையில் மாகாணச் சின்னமான அந்த மூன்றிதழ்ப் பூ, ட்ரில்லியம். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம்தான். ஆனால் பூவைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாகக் கிழித்தேன். பிறகு டேப் போட்டு ஒட்டினேன். கோபக்காரனும் கார் ஓட்டத்தானே வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்ற்றில் நானும் குகன் அண்ணையும் இருந்தோம். சொந்த அண்ணை அல்ல; ஒரே தொழிற்சாலையில் பெட்டி ஒட்டியவர்கள். அங்கே நான்கு பருவமும் ஈரக் கம்பளத்தின் மணம்தான். இன்றைக்கும் நனைந்த கம்பளம் மணத்தால் அண்ணையின் குரல் காதில் கேட்கும். பனிக்காலம் முழுக்க அவருக்கு ஒரே கதை: மேற்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு மலைச்சரிவு. மே மாதம் மரங்களின் கீழே வெள்ளை வெளேரென்று பூ. நிலத்துக்காரி மார்த்தா என்ற கிழவி. வேலியைத் திருத்திக் கொடுத்ததற்காக, வருடம் ஒருமுறை வந்து பார்க்க அண்ணைக்கு மட்டும் அனுமதி.

“விசா கிடைச்சுதெண்டா, மனிசியை எயாப்போட்டில இருந்து நேர அங்கதான் கொண்டுபோவன். இந்த நாட்டில அவ முதல் அதைத்தான் பாக்கவேணும்.”

மனைவி கொழும்பில் நான்கு வருடமாகக் காத்திருந்தார்.

“அண்ணி குளிரில விறைச்செல்லோ போவா?”

“நீ வாயைப் பொத்து.”

அந்த மே மாதம் என்னையும் கூட்டிப்போனார். யாழ்ப்பாணம் தட்டையான ஊர். எங்களுக்கு மேம்பாலமே மலை. சரிவில் ஏற மூச்சு வாங்கியது. பூக்களைக் கண்டதும் அந்த மூச்சும் நின்றது. “பாத்துக்கொண்டு நில்” என்றுவிட்டு அண்ணை கிழவியைக் கூப்பிடப் போனார்.

குனிந்து பார்த்தேன். மூன்று இலை. மூன்று இதழ். அன்று பிரதோஷம் வேறு. வில்வத்துக்கு ஏங்கிக் கிடந்த சைவனுடைய மூளை எப்படி வேலை செய்யும்? எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு மேலே, கலண்டரில் இருந்த சிவபெருமானுக்காகவே இந்த மலை பூத்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். ஊரில் சாமிக்கென்றால் எந்த வேலிப்பூவும் பொதுச்சொத்து. நமசிவாய சொல்லிச் சொல்லி, இலையோடு ஒரு ஷொப்பிங் பை நிறையப் பிடுங்கினேன்.

கிழவி வந்து பையைப் பார்த்தார். கத்தவில்லை. இலையோடு பிடுங்கினால் கிழங்கே செத்துப்போகலாம், விதையிலிருந்து பூக்க ஏழெட்டு வருடமாகும் என்றார். பிறகு அண்ணையைப் பார்த்து, இனி வரவேண்டாம் என்றார்.

“சாமிக்குத்தான் அண்ணை...”

“உன்ர சாமியும் நீயும்! இன்னொரு கதை கதைச்சியோ, ஹைவேயில இறக்கிவிட்டிடுவன்.”

வீடு வருமுன்னே பூக்கள் அவித்த கீரையாகிவிட்டன. அர்ச்சனையும் இல்லை.

அடுத்த மே மாதம் அண்ணி வந்தார். எயாப்போட்டிலிருந்து நேரே பேஸ்மென்ற்றுக்கு. இந்த நாட்டில் அவர் முதலில் பார்த்தது ஈரக் கம்பளத்தையும் என்னையும்.

கடிதத்தை ஒட்டிய கையோடு அந்த இடத்தைத் தேடிப் போனேன். சரிவே இல்லை. புல்டோசரால் வழித்துத் தட்டையாக்கி, ஒரே அச்சில் வார்த்த வீடுகளை நிரைக்குக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மரம் இல்லை. வீதிக்கு என்ன பெயர் தெரியுமா? அந்தப் பூவின் பெயர்! கொன்றுவிட்டுப் பெயர்ப்பலகை நடுகிறார்கள், பாவிகள். காருக்குள் இருந்தே அண்ணைக்குப் போன் அடித்தேன். இப்போது வோபர்ன் பகுதியில் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கதைப்போம்.

“அண்ணை, முழு மலையையும் வழிச்சுப்போட்டாங்கள்! நான் ஒரு பைதானே பிடுங்கினனான்? கள்ளப் பயலுகள், உவங்களை...”

அண்ணை என்னை முடிக்க விடவில்லை.

“அவங்களெண்டாலும் கேட்டு எடுத்தவங்கள்.”