தலைமன்னாருக்கு நூறு பனிஸுடன்

சென்ற ஆண்டு எனக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோது, வெளியே வாங்குப் பலகையில் இருந்த என் மனைவி ஜெனிற்றா அந்தோனியாரோடு ஓர் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார். நான் உயிரோடு எழும்பினால், தலைமன்னார்க் கடற்கரையில் இருக்கும் அவருடைய சின்னக் கோவிலில் நூறு பேருக்குச் சீனி தூவிய பனிஸ் ரொட்டி கொடுப்பதென்று. என்னை யாரும் கேட்கவில்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். அந்த நேர்த்தியைத் தீர்க்கத்தான் இந்த ஆவணியில் யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டோம்.

பூநகரி வழியாக மன்னாருக்கு பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போதும். இரவு மன்னார் நகரில் தங்கி, பேக்கரியில் சொல்லிவைத்த பனிஸை விடியவே எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர். நிஸ்தார் நானாவின் ஓட்டோவில் எட்டு மணிக்கு ஏறினோம். பனிஸ் பெட்டிகள் இருக்கையில் சௌகரியமாக இருந்தன. நாங்கள் மிச்ச இடத்தில் இருந்தோம்.

நான் எதையும் திட்டமிட்டுச் செய்கிறவன். சீனி வருத்தக்காரன் என்பதால், இரத்தத்தில் சீனி இறங்கினால் சாப்பிட, பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பைக்கற் இருக்கும். "அன்றாட உணவைத் தாரும்" என்று காலையில் செபித்துவிட்டு, ஆண்டவர் மறந்துவிட்டால் என்று பிஸ்கட்டைத் தடவிப் பார்க்கிற ஆள். வழியில் ஒரு பஸ் பாட்டும் கைதட்டலுமாக எதிரே வந்து எங்களைக் கடந்து போனது. சந்தோசமான சனம் என்று ஜெனிற்றா கை காட்டினார்.

கோவிலுக்கு ஒன்பது மணிக்குப் போனால் ஒரு மனிதரைக் காணவில்லை. கோவில் கதவின் திறப்பை இடுப்பில் செருகிய அம்மா மட்டும் நொண்டிக்கொண்டு வந்தார்.

"முழுச் சனமும் மன்னார்ப் பக்கம் தோட்டவெளிக்குக் கலியாணத்துக்குப் போட்டுது. ரெண்டாவது பஸ்ஸும் இப்பதான் வெளிக்கிட்டது. எனக்குக் கால் ஏலாது, இல்லாட்டி நானும் போயிருப்பன்."

எல்லாவற்றையும் திட்டமிட்ட நான், சாப்பிட ஆள் இருக்குமா என்று மட்டும் விசாரிக்கவில்லை. அந்த அம்மா இரண்டு பனிஸ் எடுத்தார், ஒன்று தனக்கு, மற்றது நாய்க்கு. நேர்ந்த பண்டத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதும், நேர்ந்த வீட்டார் அதில் வாய் வைப்பதும் எங்கள் குடும்பத்தில் ஆகாது. ஜெனிற்றாவின் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு இது விளையாட்டில்லை. என் உயிருக்காகக் கொடுத்த வாக்கு.

"அந்தோனியார் ஆக்களை அனுப்புவார், இருங்கோ" என்றார்.

அனுப்பினார், கழுதைகளை. மன்னாரில் கழுதைகள் எங்கும் சுதந்திரமாகத் திரியும். ஐந்தாறு வந்து பெட்டிகளை முகர்ந்தன. நான் தோளில் கிடந்த துவாயை வீசிப் பெட்டிகளைக் காவல் காத்த நேரத்தில், ஒரு கழுதை என் பைக்குள் தலையை விட்டு பிஸ்கட் பைக்கற்றைக் கடதாசியோடு விழுங்கியது. நிஸ்தார் நானா ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணன், ரிஸ்கை, அதான் அன்றாட உணவை, அளக்கிறவன் அல்லாஹ். அதுக்கு எழுதினது அதுக்குப் போயிட்டு."

பத்தரை வரை இருந்துவிட்டுத் திரும்பினோம். வழியில் பேசாலை ஊருக்கு இந்தப் பக்கம், கடையோ வீடோ இல்லாத இடத்தில், ஒரு பஸ் சரிந்து நின்றது. பட்டுச் சேலையும் கோட்டும் போட்ட சனம் பனைகளின் கீழே வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. கலியாண வீட்டின் இரண்டாவது பஸ். சில்லு காற்றுப் போய், மாற்றுச் சில்லும் காற்றுப் போனது. பலகாரமெல்லாம் முதல் பஸ்ஸில். கலியாணச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் வைக்க வேண்டுமென்று ஒருவரும் காலையில் சாப்பிடவில்லை.

"நேர்த்திப் பனிஸ் ஏழையளுக்கெல்லோ?" என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு பெண்ணின் கழுத்தில் மட்டும் என் ஓய்வூதியம் அளவுக்கு நகை இருந்தது.

"பசிச்சா எல்லாரும் ஏழைதான். பெட்டியை இறக்குங்கோ" என்றார் ஜெனிற்றா.

பட்டுச் சேலையில் சீனி கொட்டக் கொட்ட அந்தச் சனம் தின்றதைப் பார்க்க வேண்டுமே! நிஸ்தார் நானா பஸ்ஸின் சில்லை ஓட்டோவில் ஏற்றி, அதன் மேல் மாப்பிள்ளையின் தாய்மாமனையும் ஏற்றிக்கொண்டு, ஒட்டுப்போட பேசாலைக்குப் பறந்தார். மாமனுக்கென்று அவர் மனைவி ஒரு பனிஸை லேஞ்சித் துணியில் சுற்றி வைத்தார். அதோடு பெட்டிகள் வெறுமை.

ஒரு மணித்தியாலம் போனது. சீனி மருந்து காலையிலேயே போட்டிருந்தேன், பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கை நடுங்கத் தொடங்கியது, கண் இருண்டது. பிஸ்கட்டோ கழுதையின் வயிற்றில். பனையடியில் சரிந்து இருந்தேன். சில்லோடு வந்து இறங்கிய மாமன் என்னைக் கண்டார். பனிஸ் கொடுத்தது நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியாது. மனைவி நீட்டிய பனிஸை அப்படியே என்னிடம் கொண்டுவந்தார்.

"இந்தாங்கோ, சாப்பிடுங்கோ. ஆரோ நேர்ந்து குடுத்தவையாம். நான் கலியாண வீட்டில பாப்பன்."

நான் ஜெனிற்றாவைப் பார்த்தேன். நேர்ந்த வீட்டார் வாய் வைக்கக் கூடாதே.

"நீங்களா எடுத்தாத்தான் பிழை. தந்தா வாங்கலாம். வாங்குங்கோ!" என்றார். கண் நிறைய நீர்.

வாங்கினேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆவணியில் காற்றும் புழுதியும் கடுமை, தலைக்குத் துணி கொண்டுபோங்கள். கழுதைக்கு முன்னால் பையைத் திறந்து வைக்காதீர்கள். பேசாலை தாண்டினால் கடைகள் குறைவு, தண்ணீர் மன்னாரிலேயே வாங்குங்கள். கோவிலுக்கு எதையாவது கொண்டுபோவதென்றால் ஊரில் கலியாணமா என்று முதலில் கேளுங்கள். கேட்க மறந்தாலும் போங்கள்.

அன்று அந்த மாமன் நகராமல் நின்றார். "முதல்ல நேர்ந்தவைக்கு ஒரு செபம் சொல்லுங்கோ. எங்கட ஊரில அதுதான் முறை."

நான் பனிஸைக் கையில் வைத்துக்கொண்டு, நேர்ந்தவருக்காகச் செபித்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் தனியாக இருந்து, அந்தோனியாரிடம் என்னைக் கேட்டு வாங்கியவருக்காக. கலியாணம் கட்டி முப்பது வருசத்தில் ஜெனிற்றாவுக்காக நான் வாய்விட்டு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

"சத்தமாச் சொல்லுங்கோ" என்றார் பக்கத்தில் நின்ற ஜெனிற்றா. "எனக்குக் கேக்கேல்லை."