இஞ்ச சீவு

அம்மாவுக்கு ஒரு கடதாசி வேண்டும் என்பது எனக்குத் தெரியவந்தது ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில், மரத்தூள் மணக்கும் ஒரு கராஜுக்குள்.

வில் செய்யும் வகுப்பு அது. ஆறு சனிக்கிழமைகள். என்னோடு வருவதாக இருந்த சிநேகிதி கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட, அந்த இடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது வருடம் பள்ளிக்கூடத் தரைகளைத் துடைத்து அம்மாவின் வலது தோள் பழுதாகியிருந்தது. பாதி நாள் வேலை, பாதி நாள் மருத்துவ விடுப்பு. கையைச் சும்மா வைத்திருக்காதே, மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிரு என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தால் அம்மா தோளை அசைப்பது ஜன்னல் துடைக்கத்தான். அதற்கு இது மேல் என்று நினைத்தேன்.

எனக்கு வேறு காரணம் இருந்தது. நான் கட்டடப் பொறியியலாளர். ஒரு விட்டம் எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்று கணினியில் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஆனால் ஒரு மரத்தைக் கையால் வளைத்துப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். சரியாகச் சொன்னால், பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே நான்தான். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. அம்மா நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஊரே இடம்பெயர்ந்தது. பிறகு போகக் கிடைக்கவில்லை. நோர்வேக்கு வந்து மொழி வகுப்பில் சேர்ந்தார். நான் வயிற்றில் வந்தேன், நின்றுவிட்டார்.

முதல் நாள் ஆசிரியை எல்லோருக்கும் விதிகளைச் சொன்னாள். முப்பது வயது இருக்கும், தச்சுவேலை செய்பவள், துரொண்ட்ஹெய்ம் பக்கத்தவள். கடைசிச் சனிக்கிழமை நாங்கள் செய்த வில்லை அம்பின் நீளத்துக்கு முழுதாக இழுத்து, பத்து மீற்றர் தள்ளி வைத்த வைக்கோல் கட்டில் அம்பைக் குத்தி நிற்க வைக்க வேண்டும். வில் உடையாமல் அதைச் செய்தவர்களுக்குக் குர்ஸ்பெவிஸ் கிடைக்கும். வகுப்பை முடித்ததற்கான சான்றிதழ்.

அம்மா என் காதுக்குள் கேட்டார்.

“அதிலை என்ரை பேர் போடுவினமோ?”

“ஓம் அம்மா, பேர் போட்டுத்தான் குடுப்பினம்.”

“முழுப்பேரோ?”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய பெயர் போட்ட கடதாசிகள் எங்கள் வீட்டில் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன: வதிவிட அனுமதி, வரிக் கடிதம், விடுப்புக் கடிதம். எதையாவது படித்து முடித்தார் என்று சொல்லும் கடதாசி ஒன்றுகூட இல்லை. அதை நான் அன்றுதான் யோசித்தேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன, வேட்டைக்கோ போறீர்?”

“ஓம். முதல் உங்களைத்தான் அடிக்கிறது.”

“அப்ப மத்தியானச் சமையல்?”

“அதுக்குத்தான் அடிக்கிறது.”

இரண்டாம் சனி போகும்போது ரயிலில் நான் அம்மாவுக்குப் புத்தி சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். “விளங்காட்டி எல்லாருக்கு முன்னாலும் சத்தமாக் கேக்காதேங்கோ. தலையை ஆட்டுங்கோ. பிறகு நான் சொல்லுறன்.” முதல் நாள் அம்மா இரண்டு கேள்வி கேட்டிருந்தார். இரண்டு தடவையும் ஆட்கள் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பாவம் என்று பார்த்தார்களா, சும்மா பார்த்தார்களா, தெரியாது. எனக்கு முகம் சுட்டது. சிறுவயதில் பள்ளிக்கூடப் பெற்றோர் சந்திப்புகளில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஆசிரியர் “நல்லது” என்றதை “திறமாம்” என்று சொல்லி அம்மாவை மகிழ்வித்தவள் நான். அம்மாவுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நிற்பது என் உரிமை என்று எனக்கு ஒரு எண்ணம்.

“சரி பிள்ளை” என்றார் அம்மா.

வில் செய்வதில் கோடாலி வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். மிச்ச நாட்களெல்லாம் வளைவைச் சரிப்படுத்துவதுதான். சுவரில் ஒரு தாங்கி இருக்கும். வில்லின் நடுவை அதில் வைத்து, நாணில் ஒரு கயிற்றைக் கொளுவி, கீழே உள்ள கப்பி வழியாக இழுத்தால், தூர நின்றபடி வில் வளைவதைப் பார்க்கலாம். நடுவுக்கு இரண்டு பக்கமும் உள்ள வில்லின் கைகள் ஒரே அளவாக, சீராக வளைய வேண்டும். எந்த இடம் வளையாமல் விறைத்து நிற்கிறதோ அந்த இடத்தை எஃகுத் தகட்டால் மெல்லச் சீவ வேண்டும். வளைகிற இடத்தைத் தொடவே கூடாது. சீவுவது, கயிற்றை இழுத்துப் பார்ப்பது, திரும்பச் சீவுவது. வேறொன்றும் இல்லை.

அம்மாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. தாங்கியில் ஏறிய தன் வில்லைப் பார்த்து, “வலக்கை விறைச்சுப்போய் நிக்குது, என்னை மாதிரி” என்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீழே விழுந்த சீவலைக் கூட்டி அள்ளினார். ஆசிரியை வந்து, கடைசியில் எல்லோரும் சேர்ந்து கூட்டுவோம், விடுங்கள் என்றாள். “எனக்குத் தெரியும், கைக்குத் தெரியேல்லை” என்று அம்மா தமிழில் சொல்ல, நான் அதை மொழிபெயர்த்தேன். ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்றுதான் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். விறைப்புக்கு நோர்வேஜியனில் ‘ஸ்தீவ்’. அம்மா மறக்காமல் இருக்க, “ஸ்தீவ் எண்டா சீவு, அவ்வளவுதான்” என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மாவுக்கு நல்ல சிரிப்பு. ஆசிரியைக்கும் விளக்கினேன். அவளும் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் சனி முழுக்க, விறைத்த இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து “ஸ்தீவ், சீவு!” என்றாள். அம்மா “சீவு, சீவு” என்று தலையாட்டினார்.

நாலாம் சனி நான் என் வில்லில் மூழ்கியிருந்தேன். வளைவைக் கணக்குப் போட்டு, காகிதத்தில் கீறி, சுவரில் ஒட்டியிருந்தேன். என் வில் அந்தக் கோட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. இரண்டு பேர் வந்து கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். அந்த நேரம் அம்மாவின் வில் தாங்கியில் இருந்தது. யாரோ மெஷின் போட்டுப் பலகை மினுக்கிக்கொண்டிருந்ததில் ஒரே இரைச்சல். கராஜின் அந்தக் கரையிலிருந்து ஆசிரியை அம்மாவின் வில்லின் வலக்கையில், நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு இடத்தை விரலால் காட்டி ஏதோ கத்தினாள். அம்மா தலையாட்டினார்.

அரை மணித்தியாலம் கழித்து அம்மா என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, ஒருக்கா இழுத்து விடு, பாப்பம்.”

நான் கயிற்றை இழுத்தேன். வலக்கை அந்த ஓரிடத்தில் மட்டும் முழங்கை மடிவதுபோல மடிந்தது. மற்ற இடமெல்லாம் நேராக நின்றது.

“ஸ்தொப்!” என்று ஆசிரியை ஓடி வந்தாள். வில்லை இறக்கி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து போயிற்று. இந்த இடத்தை ஏன் சீவினீர்கள், நான் வேண்டாம் என்றல்லவா சொன்னேன் என்றாள். அம்மா என்னைப் பார்த்தார்.

“அவ தானே சொன்னவ.”

“என்ன சொன்னவ?”

“இஞ்ச சீவு எண்டு.”

“அவவுக்கு எங்காலை அம்மா ‘இஞ்ச’ தெரியும்?”

“எனக்கென்ன தெரியும்? போன கிழமை ‘சீவு’ சொன்னவதானே. இந்தக் கிழமை இன்னும் ஒரு சொல்லுப் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறா எண்டு நினைச்சன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக் கிடந்தது.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. ஒஸ்லோவில் ‘இல்லை’ என்பதற்கு ‘இக்கெ’ என்பார்கள். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் துரொண்ட்ஹெய்ம் பேச்சில் அது ‘இட்ச்’. ஆசிரியை கத்தியது, ‘இட்ச் ஸ்தீவ்’. அந்த இடம் விறைப்பில்லை, தொடாதே. அதுதான் மெஷின் இரைச்சலுக்குள்ளால் வந்து, அம்மாவின் காதில் நல்ல யாழ்ப்பாணத் தமிழில், ‘இங்கே சீவு’ என்று விழுந்திருக்கிறது. நான் ஐந்து வருடம் துரொண்ட்ஹெய்மில் படித்தவள். ‘இட்ச்’ எனக்கு ஒரு வேற்றுச் சொல்லாகவே படுவதில்லை. மூன்று சனிக்கிழமைகளாக அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

“புள்ளடி ஒண்டும் போடேல்லையே. உங்களுக்கு யோசினை வரேல்லையா?” என்று கேட்டேன்.

“வந்தது. போய்க் கேப்பம் எண்டுதான் பாத்தன்.” அம்மா கையிலிருந்த தூளைத் தட்டினார். “நீயெல்லோ சத்தமாக் கேக்க வேண்டாம் எண்டனீ.”

சொன்னதில் ஒரு துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆசிரியைக்கு நடந்ததை முழுதாகச் சொன்னேன், நான் ரயிலில் சொன்னதையும் சேர்த்து. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு கீழே குந்திவிட்டாள். பிறகு எழும்பி, சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்றாள். ஒரு வழிதான் உண்டு. மெலிந்த இடத்தை விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்தையும், இரண்டு கையையும், அதே மெலிவுக்குச் சீவிக்கொண்டுவர வேண்டும். வில் பலம் குறையும். முப்பத்தைந்து ராத்தல் இழுவைக்குத் திட்டமிட்டது பாதிக்கு இறங்கலாம். அம்பு பத்து மீற்றர் போகுமோ, போனாலும் குத்தி நிற்குமோ தெரியாது. அதற்கு முன்பே அந்த இடத்தில் முறிந்தாலும் முறியலாம். இரண்டு சனிக்கிழமைதான் மிச்சம்.

திரும்பி வரும் ரயிலில் நான் அம்மாவிடம் சொன்னேன்.

“என்ரை வில்லை எடுங்கோ அம்மா. உங்கடை பேரிலை அதைக் குடுப்பம். எனக்கு அந்தப் பேப்பர் தேவையில்லை.”

“ஏன், உன்னட்டை நிறைய இருக்கெண்டோ?”

“அப்பிடியில்லை…”

“நீ செய்த வில்லுக்கு என்ரை பேரோ? விசர்க்கதை கதையாதை.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, “முறிஞ்சா முறியட்டும். என்ரை கையாலை முறியட்டும்” என்றார்.

என்னுடைய பெருமை எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் ஆராய்ந்ததில்லை.

ஐந்தாம் சனி என் வில்லை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அம்மாவுக்குக் கயிறு இழுப்பது மட்டும்தான் என் வேலை. அம்மா நாலடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வந்து நாலு தரம் சீவுவார். திரும்பப் பின்னால் போவார். மெலிந்த இடத்தைச் சுற்றி நீலத் துணியொன்றைக் கட்டியிருந்தார், தவறியும் தகடு படாமல் இருக்க. முதல் மணித்தியாலம் பேசாமல் செய்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்து, கராஜ் முழுக்கக் கேட்கும்படி ஆசிரியையிடம் நோர்வேஜியனில் கேட்டார்: “இங்கே? ஸ்தீவ்? இல்லாட்டி இட்ச் ஸ்தீவ்?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியை வந்து குனிந்து பார்த்து, “ஸ்தீவ்” என்றாள். அன்று அம்மா அந்தக் கேள்வியை முப்பது தடவையாவது கேட்டிருப்பார். மத்தியானத்துக்குப் பிறகு பக்கத்து மேசைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து, எது ஸ்தீவ் எது இட்ச் என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். அம்மா ஒருவர் சொன்னதையும் அப்படியே எடுக்கவில்லை. ஆசிரியையைக் கேட்டார், பிறகு தன் கண்ணைக் கேட்டார். ஒரு இடத்தில் என்னுடைய கருத்தையும் கேட்டார். நான் சொன்னேன். “இல்லைப் பிள்ளை, நீ கிட்ட நிண்டு பாக்கிறாய்” என்றார். நாலடி பின்னால் போய்ப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி.

மாலையானபோது வில்லின் வலக்கையில் அந்த முழங்கை மடிப்பு கண்ணில் படவில்லை. இரண்டு பக்கமும் ஒரு கிண்ணத்தின் விளிம்புபோல வளைந்து வந்தன. கீழே கிடந்த சீவலை அம்மா கூட்ட மறந்துவிட்டார்.

கடைசிச் சனி வில் பதினெட்டு ராத்தலில் நின்றது. அதைக் கணக்குப் பார்த்தது நான். பத்து மீற்றர் பறக்கும், ஆனால் குத்துமோ என்பது சந்தேகம் என்று என் கணக்குச் சொன்னது. அம்மாவிடம் சொல்லவில்லை. கராஜுக்குப் பின்னால் பனி உருகி, நிலம் சேறாகக் கிடந்தது. ஒவ்வொருவராகப் போய் எய்தார்கள். இளைஞன் ஒருவனின் வில் பாதி இழுவையில் படாரென்று முறிய, அம்மா “ஐயோ” என்று தன் தோளைப் பிடித்தார்.

அம்மாவின் முறை வந்தது. குளிர்ச்சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார். வில்லை எடுத்து, சொல்லித் தந்தபடி பக்கவாட்டில் நின்றார். இழுத்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மெலிந்த அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மற்ற இடங்களோடு சேர்ந்து வளைந்தது, எது என்று பிரித்துக் காண முடியாமல். பழுதான தோள் அம்பின் முழு நீளத்துக்கும் பின்னால் வந்தது. முப்பத்தைந்து ராத்தலாக இருந்திருந்தால் வந்திருக்காது.

முதல் அம்பு சேற்றில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆசிரியை மூன்று தடவை என்று விதி வைத்திருந்தாள். மூன்றாவதற்கு அம்மா, “கொஞ்சம் மேலை பிடிக்கட்டோ?” என்று அவளிடம் கேட்டார். “கொஞ்சம்” என்று அவள் விரலால் அளவு காட்டினாள். அம்பு மெதுவாக, கண்ணால் பின்தொடரக்கூடிய வேகத்தில் போய், வைக்கோல் கட்டின் அடி ஓரத்தில் குத்தித் தொங்கியது. விழும்போல இருந்தது. விழவில்லை.

உள்ளே வந்து ஆசிரியை தடித்த தாள்களை எடுத்து ஒவ்வொருவர் பெயராக எழுதத் தொடங்கினாள். அம்மாவின் முழுப்பெயர் இங்கே எந்தப் படிவத்திலும் ஒரே தடவையில் சரியாக வந்ததில்லை. ஆசிரியை பேனையோடு நிமிர்ந்து, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றாள். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா மேசைக்குக் கிட்டப் போய், இரண்டு கையையும் அதன் விளிம்பில் ஊன்றி, முதல் எழுத்தைச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், பேனை எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததைச் சொன்னார். ஒன்பதாவது எழுத்தில் பேனை தவறியது.

“இல்லை, அது பிழை” என்றார் அம்மா, நோர்வேஜியனில், சத்தமாக. “புதுத் தாள் ஒண்டு எடுங்கோ. நான் முதல்லை இருந்து சொல்லுறன்.”