மேம்பாலத்தில் மூச்சு வாங்கும் வண்டி

டில்லிபாபு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிப் பல வருடங்கள் ஆகின்றன. மண்ணூரில் அவருக்கு வீடு இருக்கிறது. வீட்டில் கட்டில் இருக்கிறது. கட்டிலுக்கு மேலே மின்விசிறியும் இருக்கிறது. அவர் இல்லாத நேரங்களில் இந்த மூன்றும் நிம்மதியாக இருக்கின்றன.

ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். டிரைவர் போக ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, சொந்த வண்டி. ஒரு ஷிப்டை இறக்கியதும் அடுத்த ஷிப்டை ஏற்றும்வரை டிரைவர் சீட்டைச் சாய்த்து, டேஷ்போர்டில் ஒரு காலைத் தூக்கிப்போட்டு, வாயைத் திறந்து தூங்குவார். கண்ணாடியில் யாராவது தட்டினால், தட்டியது யார் என்று கண் பார்ப்பதற்குள் கை சாவியைத் திருகிவிடும். எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் ஒருமுறை விளையாட்டாகத் தட்டினார். வண்டி அவருடைய பெஞ்சைத் தொட்டுக்கொண்டு போய் நின்றது. அதன்பிறகு அவர் தட்டுவதில்லை, தூர நின்று கூப்பிடுகிறார்.

கம்பெனி ஓட்டத்துக்கு ஒரே விதி. ஒரு மாதத்தில் மூன்று முறை கம்பெனி கேட்டுக்குத் தாமதமாக வந்தால் வண்டி நீக்கப்படும். மழை, மறியல், மாடு குறுக்கே வந்தது எதுவும் செல்லாது. கம்பெனிக்கு உதிரிபாகம் தாமதமாக வரலாம், உத்தரவு தாமதமாக வரலாம், போனஸ் மிகவும் தாமதமாக வரலாம். டில்லிபாபு வரக்கூடாது. இந்தச் சாலையில் கம்பெனி ஓட்டம் இல்லாத ஏழு சீட்டு வண்டியை வைத்துக்கொண்டு முகூர்த்த நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆயுதபூஜை முடிந்த அந்த மாதத்தில் அவர் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகிவிட்டார்.

காரணம், ஒரகடம் மேம்பாலம்.

சமதளத்தில் வண்டி சாதுவாக ஓடியது. ஏழு பேரோடு மேம்பாலத்தின் அடியில் வந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும், முன்னால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு, பின்னால் கரும்புகை. எஞ்சின் தன் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சக்கரத்தை வைத்தே தனக்கு வேண்டிய காற்றை அழுத்தித் திணித்துக்கொள்வதற்குப் பெயர்தான் டர்போ. திணிக்கிற காற்று போகிற வழியில் எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரி முந்தியது. டிராக்டர் முந்தியது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் முந்தும்போது திரும்பி, துக்கம் விசாரிப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் கார் செய்கிறவர்கள். ஒருவர் கதவு மாட்டுபவர், ஒருவர் சீட்டு, ஒருவர் பெயிண்ட். வண்டி திணறத் தொடங்கியதும் கதவுக்காரர் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, “டோர் ஓகே” என்றார். சீட்டுக்காரர் சீட்டைத் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டார். தத்தம் டிபார்ட்மென்ட்டில் குறை இல்லை என்று உறுதியானதும் எல்லோருக்கும் நிம்மதி.

நிம்மதி இல்லாமல் இருந்தது ஷாரோன் ஒருத்திதான். மண்ணூர்ப் பெண், தரக்கட்டுப்பாட்டில் வேலை. எந்தக் குறைக்கும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்று கம்பெனியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தாமதத்தன்று, மேம்பாலத்தின் பாதியில், முன்சீட்டில் இருந்து ஆரம்பித்தாள்.

“ஏன்ணா இழுக்கல?”

“காத்து பத்தல.”

“ஏன் பத்தல?”

“எங்கியோ லீக்கு கீது.”

“ஏன் லீக்கு?”

“அது தெர்ஞ்சா நான் இன்னாத்துக்கும்மா உங்கிட்ட பேசிகினு கீறேன்?”

“இன்னும் ரெண்டு ஏன் பாக்கி இருக்குண்ணா.”

“வச்சிக்க. எறங்கும்போது கேளு.”

இறங்கும்போது அவள் கேட்டது வேறு. “மெக்கானிக் ஓட்டிப் பாத்தாரா?”

“பாத்தாரே. மூணு வாட்டி.”

“எத்தினி பேரோட?”

டில்லிபாபு யோசித்தார். தாவீது தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தார். பென்னலூரில் அவருடைய ஷெட் முன்னால் இருக்கும் நேர்ரோட்டில், காலி வண்டியில்.

“காலி வண்டியில அது லீக் ஆவாதுண்ணா. நாங்க ஏறுனாதான ஆவுது. எங்க பிளான்ட்ல எதுவா இருந்தாலும் உள்ள காத்த அடிச்சி, சோப்புத் தண்ணி ஊத்திதான் பாப்பாங்க.” சொல்லிவிட்டுக் கேட்டுக்குள் ஓடினாள். தாமதம் அவள் கணக்கிலும் ஏறும்.

மறுநாள் காலை ஷிப்டை எப்படியோ நேரத்துக்கு இறக்கிய கையோடு டில்லிபாபு பென்னலூருக்குப் போனார். தூறிக்கொண்டிருந்தது. அன்று மதியம் மூன்றாவது தாமதம் ஆனால் வண்டி வெளியே. அதுவரை இருப்பது ஒரு தூக்கத்தின் நேரம். தூக்கத்தைத்தான் எடுத்துச் செலவழிக்க வேண்டும்.

தாவீது நல்ல மெக்கானிக். அவர் வண்டியை எப்போதும் குறை சொல்வதில்லை, வண்டி வைத்திருப்பவரைத்தான் சொல்வார். ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தார், டீசல் ஃபில்டரை மாற்றியிருந்தார், புகைக்கரி அடைத்த குழாயைக் கழற்றிக் கழுவியிருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, மேலே தெரிந்த, காற்று போகும் ரப்பர் ஓஸ் எல்லாவற்றின் மீதும் சோப்புத் தண்ணீரும் தெளித்திருந்தார். ஒரு நுரைகூட வரவில்லை.

“வந்துட்டியா? நீ கிளட்ச்சு மேலயே கால வச்சிகினு ஓட்றடா. அதான்” என்றார்.

“நின்னுகினு இருந்தா லீக் வராதாம். அழுத்தம் வேணுமாம்.”

“யாரு சொன்னா?”

“நம்ம ஷாரோன்.”

“அது எப்ப மெக்கானிக் ஆச்சி?” என்ற தாவீது, ஸ்பேனரைக் கீழே வைத்தார். “சும்மா ஓடுற எஞ்சின்ல டர்போ தூங்கிகினுதான் இருக்கும். கரெக்டுதான். சொல்றது யாரா இருந்தா இன்னா, என் வாயில வந்திருக்கணும்.” பெருமூச்சு விட்டார். “காத்து அடைக்க எங்கிட்ட இன்னா கீது? பக்கத்துல போவலாம் வா.”

பக்கத்தில் முப்பிடாதியின் பஞ்சர் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர், கம்பெனிக்குள் இருந்ததைவிட வாசலுக்கு வெளியே காற்று நன்றாக ஓடுவதைப் பார்த்துக் கடை போட்டுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், “டியூப்ல ஓட்ட பாக்க மாதிரிதானவே? இதுக்கா இத்தன நாளா மொகத்தத் தொங்கப்போட்டுட்டு அலைஞ்சீரு?” என்றார்.

தண்ணீர்க்குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் துளைத்து, டியூப்லெஸ் டயரின் வால்வை அதில் மாட்டினார். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஓஸைக் கழற்றி, அதன் வாயில் மூடியைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினார் தாவீது. எஞ்சின் ஓடவில்லை. கம்ப்ரஸர் ஓடியது.

“மெல்லமா விடு, மெல்லமா. லாரி டயரு இல்ல அது.”

“தெரியும்வே. நீரு காத மட்டும் தீட்டும்.”

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது: ‘உஸ்ஸ்’. மேலே அல்ல. கீழே, இடதுபக்க முகப்பு விளக்குக்குப் பின்னால், யாரும் கையை விடாத பொந்தில். தாவீது மண்ணில் மல்லாந்து படுத்து அடித்தகட்டைக் கழற்றினார். தகடு இறங்கும்போது கூடவே அவர் முகத்தில் ஏதோ கொட்டியது. துப்பினார். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

பொரி. நமுத்துப்போன பொரி. நடுநடுவே பொட்டுக்கடலை, உருகி ஒட்டிய வெல்லம், எலிப்புழுக்கை.

“டேய் டில்லி. இன்னாடா இது?”

டில்லிபாபு குனிந்து பார்த்தார். ஆயுதபூஜையன்று எல்லோரும் வண்டிக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டிக்கு வெளியே மட்டும் படைத்துவிட்டு, உழைக்கிற எஞ்சினைப் பட்டினி போடுவது நியாயம் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. பானட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு கை பொரி, கடலை, வெல்லம் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறார். படையலை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சீட்டில் சாய்ந்திருக்கிறார். கண்ணாடியை யாரோ தட்டியிருக்கிறார்கள். கிளம்பிவிட்டார்.

படையல் வீணாகவில்லை. எலி வந்து, கீழே பொந்துக்குள் இழுத்துப்போய்ச் சாப்பிட்டது. பொரி தீர்ந்த இடத்தில் ஓஸைக் கடித்துப் பார்த்தது. சும்மா நிற்கும்போது அந்தக் கடிவாய் மூடிக்கொண்டிருந்தது. காற்று ஏறி ஓஸ் உப்பினால் மட்டும் வாயைத் திறந்தது. முப்பிடாதி சோப்புத் தண்ணீர் ஊற்ற, அங்கே ஆட்டுக்குட்டி அளவுக்கு நுரை பொங்கியது.

“சாமி கும்பிட்டது தப்பா?” என்று டில்லிபாபு கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. சண்டை போடும் அளவுக்கு அவரிடம் தெம்பு இல்லை.

“கும்பிட்டது தப்பில்ல. எலிய பந்தில உக்கார வச்ச பாரு, அதான்” என்றார் தாவீது, இன்னும் துப்பிக்கொண்டே.

புது ஓஸ் சென்னையிலிருந்து வர வேண்டும். நாளைக்குத்தான் வரும். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாவீது கடிபட்ட துண்டை மட்டும் அறுத்தெடுத்தார். ஷெட்டின் பின்னால் கிடந்த இரும்புக் குழாயில் அளவு பார்த்து ஒரு சாணளவு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே செருகி, பக்கத்துக்கு இரண்டு கிளிப் போட்டார். மறுபடி காற்று அடித்தார்கள். சத்தம் இல்லை.

“இப்ப ஓகே. ஆனா லோடுல தாங்குமான்னு லோடு ஏத்துனாதான் தெரியும்” என்றார் தாவீது. “அதுக்கு என் ஷெட்டுல ஏழு பேர் கெடையாது.”

ஏழு பேரும் ஸ்ரீபெரும்புதூரில் குடை பிடித்து நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். விஷயம் ஷாரோன் வழியாகப் பின்சீட்டு வரை பரவியது. எலி வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், டில்லிபாபுவும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டார். மேம்பாலத்தின் அடி தெரிந்ததும் எல்லோரும் முன்கண்ணாடியைப் பார்த்தார்கள். சீட்டுக்காரர்கூட விழித்துக்கொண்டார்.

டில்லிபாபு மிதித்தார். இழுத்தது. ஒரு தண்ணீர் லாரியைக் கடந்தது. ‘உஸ்ஸ்’ இல்லை. பின்கண்ணாடியில் மழை மட்டும் தெரிந்தது. உச்சிக்கு வந்ததும் கதவுக்காரர் எழும்பாத குரலில், “ஓகே” என்றார். இந்த முறை கதவை அவர் தொடவில்லை.

கேட்டில் நேரம் பாக்கி இருந்தது. ஏழு பேரும் இறங்கினார்கள். ஷாரோன், “அந்த ரெண்டு ஏன் இனிமே வேணாம்ணா” என்று சொல்லிவிட்டு, ஓடாமல் நடந்து உள்ளே போனாள்.

டில்லிபாபு வண்டியை ஓரங்கட்டி, சீட்டைச் சாய்த்து, காலைத் தூக்கிப் போட்டார். காலையில் செலவழித்த தூக்கத்தைக் கொஞ்சமாவது திரும்ப எடுத்துவிட வேண்டும். வாய் திறந்தது. கண்ணாடியில் தட்டினார்கள்.

கை சாவிக்குப் போனது. வெளியே குடையோடு நின்றவர் அன்பு, வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர்.

“டில்லி அண்ணே, வண்டி சரியாயிடுச்சாமே.”

“ஆயிடுச்சி சார்.”

“பிள்ளைப்பாக்கம் ரூட்டு வண்டிக்கு இன்னிக்கி மூணாவது லேட்டு. அந்த வண்டிய நீக்கிட்டோம். அந்த ரூட்டையும் நீங்களே பாத்துக்குங்க. இப்பவே கெளம்பணும், காலை ஷிப்டு முடிஞ்ச ஆளுங்க வீட்டுக்குப் போவ நின்னுகினு இருக்காங்க.”

தூங்குவதற்கு மிச்சமிருந்த இடைவெளியை இந்த ரூட் சரியாக நிரப்பியது. வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னவர்களுடைய வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

“எந்த கேட்டாண்ட நிக்கிறாங்க சார்?” என்று கேட்டு, சீட்டை நிமிர்த்தினார்.