மண் கலந்த பிளாஸ்டிக்

பிளாஸ்டிக் பை ஆலையில் மெஷின் ஓட்டும் அவர், மூலப்பொருளில் ஒரு தூசி விழவும் விடமாட்டார். மண் பட்டால் பை செய்யும் மெல்லிய படலம் கிழியும் என்பது அவர் கண்ட உண்மை. அன்று ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகளே களிமண் கலந்த பிளாஸ்டிக் குருணையைக் கொண்டுவந்தாள்.

“என் மெஷின்லயே மண்ணைப் போடச் சொல்றியே!”

“கண்ணுக்கே தெரியாத பொடிப்பா. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை இன்னும் உறுதியாக்கும். கிழிஞ்சா முதலாளி என் ஆராய்ச்சியையே மூடிடுவாரு. நம்பிப் போடுங்க.”

மனமில்லாமல் கொட்டினார். உருகிய பிளாஸ்டிக் காற்றில் உப்பி, படலம் குமிழாக எழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், கிழியவில்லை. ஒரு துண்டை வெட்டி இழுத்தார், விரலால் குத்தினார். அது அசைந்து கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மண் இருந்த தடமே இல்லை.

“எங்க ஒளிச்சுவச்ச, தாயே?” என்றார் வாய் பிளந்து.

“எல்லா இடத்துலயும்தாம்பா.”

அடுத்த மூட்டையை அவரே தூக்கினார்.