பொன்னாடை போர்த்தாத ஞாயிறு

என் கணவரின் படம் இரண்டு வாரமாக எல்லோருடைய ஃபோனிலும் இருந்தது. இடுப்பு வரை சேறு, தோளில் நாலு வயதுப் பெண் பிள்ளை, பின்னால் சரிந்து கிடக்கும் மலை. படத்துக்குக் கீழே யாரோ ‘உண்மையான ஹீரோ’ என்று எழுதியிருந்தார்கள். புசல்லாவை டவுனுக்கு நான் சாமான் வாங்கப் போனால், கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா எழுந்து நின்று அவரைப் பற்றி விசாரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அந்த வாரம் மழை விடாமல் பெய்து பாதை உடைந்ததால், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப பஸ் இல்லை. புதன்கிழமை காலையில், நாங்கள் இருந்த தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, எல்லோரும் பாடசாலைக்குப் போங்கள் என்று சொன்னார்கள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனேன். அவர் அடையாள அட்டைகளையும் மகளின் சர்டிபிகேட்டுகளையும் எடுத்து வருவதாகச் சொல்லிப் பின்தங்கினார்.

லயத்தில் நாங்கள் குடியிருந்த அறைக்கு, எங்கள் காம்பராவுக்கு, இரண்டு காம்பரா தள்ளி ஒரு அண்ணன் இருந்தார். தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். தடி பிடித்தும் நாலு அடிக்கு மேல் நடக்க முடியாது. அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், கணவரைத் தூக்கி வர ஆள் கேட்டுப் பாடசாலைக்கு வந்திருந்தார். அவர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பெரிய லொறி கல் கொட்டுவதுபோல, ஆனால் நிற்காத சத்தம்.

என் கணவர் உயிரோடு வந்தார், அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டு. லயத்தின் கீழ்க்கோடியில் கூரை விழுந்து, உள்ளே சிக்கியிருந்தவளைத் தகரத்தைக் கிழித்து வெளியே எடுத்திருந்தார். அவர் கைகள் இரண்டிலும் தையல் போட வேண்டியிருந்தது. அண்ணனை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து பாடசாலை வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என் கணவரிடம் கேட்டார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளோடு பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, நீங்க அந்தப் பக்கமாத்தானே ஓடி வந்தீங்க. அவர பாத்தீங்களா? ஏதும் சொன்னாரா?”

“இல்லக்கா. நான் பாக்கல.”

எங்கள் சபையில் அந்த மாதக் கடைசி ஞாயிறு நன்றி ஆராதனை வைத்தார்கள். கண்டியிலிருந்து மூத்த போதகர் ஒருவர் வந்து என் கணவருக்குப் பொன்னாடை போர்த்துவார் என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாள் பின்னேரம், எங்களுக்குக் கொடுத்திருந்த தற்காலிக அறையில் அவருடைய வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“நான் அண்ணன பாத்தேன்,” என்றார்.

நான் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

“வாசப்படியில உக்காந்திருந்தாரு. தம்பி, கையக் குடுன்னு கேட்டாரு. கைய நீட்டினாரு. நான் பாத்துட்டு ஓடினேன். நின்னிருந்தா தூக்கியிருப்பேன். நேரம் இருந்திச்சு. பொறவுதான் மண்ணு வந்திச்சு.”

“பயத்துல யாரா இருந்தாலும் ஓடுவாங்க,” என்றேன்.

“அது சரி. ஆனா அக்கா கேட்டப்ப பயம் இல்லியே. அப்பவும் பொய்தானே சொன்னேன்.”

எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு மாலையோடு மக்கள் நிற்பார்கள், மகள் முதல் வரிசையில் உட்காருவாள். “செத்தவரு திரும்பி வரப்போறாரா? நீங்க சொன்னா அக்காவுக்கு நோவுதான் கூடும். வாய மூடிக்கிட்டு இருங்க,” என்றேன். அக்காவின் நோவைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை. என் மனதில் இருந்தது அந்த மேடைதான். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் என்னோடு வாதாடவில்லை. காலையில் எழுந்து குளித்து, ஆராதனைக்கு முன்னால் அக்கா தங்கியிருந்த வகுப்பறைக்குப் போனார். தனியாகப் போக விடப் பயந்து நானும் போனேன். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பயந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா பாயைக் கீழே வைத்தார். “என்னன்னு கூப்பிட்டாரு?” என்று கேட்டார்.

“தம்பின்னு.”

“அழுதாரா?”

“இல்லக்கா. சாதாரணமா கேட்டாரு. நான் நிப்பேன்னு நெனச்சிருப்பாரு.”

“போங்க,” என்றார் அக்கா. “ரெண்டு பேரும் போங்க.”

எங்கள் சபைக் கோவில் நிரம்பியிருந்தது. பொன்னாடையை விரித்துக்கொண்டு மூத்த போதகர் எழுந்தபோது, என் கணவர் இரண்டு கைகளையும் கூப்பினார். “ஐயா, மன்னிக்கணும். இது எனக்கு வேணாம்,” என்றார். பிறகு சபையின் பக்கம் திரும்பி, காலையில் சொன்னதையே சொன்னார். குரல் நடுவில் இரண்டு முறை உடைந்தது. போதகர் பொன்னாடையை மடித்துப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஜெபிப்போம் என்றார். அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வெளியே வரும்போது சபையின் பெரியவர் ஒருவர் என்னிடம், “இத ஏம்மா மேடையில சொல்லணும்? வெளியூர்லேருந்து வந்தவங்க முன்னால சபைக்கு அவமானம்,” என்றார். ஃபோன்களில் இருந்து படம் போய்விட்டது. சிலர் வேறு மாதிரி எழுதினார்கள். தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். அவர் காப்பாற்றிய பிள்ளையின் தகப்பன் மட்டும் எங்கள் அறைக்கு வந்து, “யாரு என்னா சொன்னாலும் நீங்க எங்களுக்குத் தெய்வம்ணே,” என்றார். என் கணவர் மறுத்துத் தலையசைத்தார். “அந்த மாதிரி சொல்லாதீங்க. ரெண்டையும் நான் யோசிச்சுச் செய்யல. ஓடினதையும் யோசிக்கல, தூக்கினதையும் யோசிக்கல.”

அதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அவர் யோசித்துச் செய்தது ஒன்றே ஒன்றுதான், உண்மையைச் சொன்னது. ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு நான் தைரியத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சிங்கத்தையும் வாளையும்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாங்கள் கும்பிடுகிறவர் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுத் தொங்கியவர். தப்பிக்க வழியிருந்தும் தப்பிக்காதவர். அவருக்குப் பின்னால் போகிறோம் என்று வாயால் சொல்வது சுலபம். கைதட்ட மக்கள் காத்திருக்கும்போது, அந்தக் கைதட்டு எனக்கு உரியதல்ல என்று சொல்ல என் கணவருக்குத் தேவைப்பட்ட பலம், மண்ணுக்குள் இருந்து பிள்ளையைத் தூக்கத் தேவைப்பட்டதைவிட அதிகம் என்று இப்போது நம்புகிறேன். எனக்கு அந்தப் பலம் இருக்கவில்லை.

கீழே பாதையோரமாக அக்காவுக்குத் தகரக் கொட்டில் ஒன்று கிடைத்தது. என் கணவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கே போவார். கூரை ஒழுகும் இடத்தில் தார் பூசுவார், விறகு பிளந்து வைப்பார். அக்கா கதவைத் திறக்க மாட்டார். அவரும் தட்ட மாட்டார். வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவார். இப்படி நாலு மாதம் போனது.

பங்குனியில் ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். விறகு பிளக்கும் சத்தம் கேட்டு அக்கா கதவைத் திறந்தார். கையில் மூன்று கோப்பை தேத்தண்ணி இருந்தது. நாங்கள் வாசலில் உட்கார்ந்து குடித்தோம்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல, தம்பி,” என்றார் அக்கா. “பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லாட்டி, அவரு கடைசியா என்ன பேசினாருன்னு தெரியாமலே நான் செத்திருப்பேன். அது தெரிஞ்சிச்சு. அதுக்காகத்தான் கதவத் தெறந்தேன்.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அக்கா அவரைத் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. மழைக்கால் இறங்கியதும், “உள்ளுக்கு வாங்க, நனையாதீங்க,” என்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.