துருவில் ஒட்டியிருந்த துணி

காயலான் கடையில் துருவுக்கு மதிப்பு கிடையாது. இரும்பு தராசில் ஏறுவதற்கு முன்னால் அதன் மேலிருக்கும் மண், சிமெண்டு, துரு எல்லாவற்றையும் தட்டி எடுத்துவிட வேண்டும். துருவோடு போனால் உருக்கும் ஆலைக்காரர்கள் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் தட்டுவதுதான் என் வேலை. முப்பது வருஷத்துக்குப் பக்கமாக அதையே செய்கிறேன்.

அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் பேச்சு வராமல் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் இரும்பைப் பற்றி என் கைக்குத் தெரியும். இளகின இரும்பு அடியை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். கெட்டி எஃகு சுத்தியலைத் துள்ள வைக்கும். அந்தத் துள்ளல் மணிக்கட்டில் வந்து சொல்லும்.

எனக்குப் பக்கத்துச் சாக்கில் ஒருத்தி உட்காருவாள். காசிமேட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயசு சின்னவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். தண்ணீர் கேன் காலியானாலும், கூலி தாமதமானாலும், கடை முதலாளி அண்ணாச்சியிடம் போய்க் கேட்பது அவள்தான். "யக்கா, ஒனக்கு வாய் வாடகைக்கு வுட்ருக்கேன் பாத்துக்க" என்பாள்.

அன்றைக்கு மாத்தூர் பக்கம் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டின இடத்திலிருந்து ஒரு வண்டிச் சரக்கு வந்தது. பழைய கம்பி, குழாய், அவற்றோடு ஒரு சாக்கு நிறைய மண் கட்டியாகப் பிடித்த துண்டுகள். அதில் ஒன்று என் கை நீளத்துக்கு இருந்தது. செம்மண்ணும் துருவும் சேர்ந்து தடித்துப் போய், பலாக்கொட்டைத் தோல் நிறத்தில் இருந்தது. மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

ரெண்டு மூன்று அடியில் மண் விழுந்தது. அதற்குக் கீழே துருவில் கோடு கோடாக என்னவோ தெரிந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். நெசவு. குறுக்கும் நெடுக்குமாக இழை, பழைய வேட்டித் துணியைப் போல நெருக்கமாக. ஒரு இடத்தில் மடிப்புகூட இருந்தது. குறுகலான ஒரு முனையில் மரத்தின் ரேகை மாதிரி நீளக் கோடுகள்.

"இன்னா யக்கா, துருல டிசைன் பாத்துகினு கீற? பட்டுப் பொடவையா எடுக்கப் போற?" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தட்டினேன்.

இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தெரியாமல் தட்டியிருந்தால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். துணியைப் பார்த்தேன். அது துணி என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் கை நிற்கவில்லை. தராசுக்குப் போகுமுன் துரு போக வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு மட்டும் முழுசாக விழுந்தது. அழகாக இருக்கிறதே என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். மற்றதெல்லாம் காலடியில் குவிந்து, மத்தியானம் பெருக்குகிறபோது குப்பையோடு போய்விட்டது.

உள்ளே மெலிசாக, ரெண்டு பக்கமும் ஓரம் வைத்த இரும்பு இருந்தது. நடுவில் தட்டினால் அடியை வாங்கிக்கொண்டது. ஓரத்தில் தட்டினால் சுத்தியல் துள்ளியது. ஒரே துண்டில் ரெண்டு இரும்பா என்று நினைத்தேன். அதைச் சரியாகப் பார்க்கலாம் என்று நுனிப் பக்கம் இன்னொரு அடி போட்டேன். நுனி உடைந்து விழுந்தது.

அப்போதுதான் கையிலிருப்பது வாள் என்று உறைத்தது.

பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அண்ணாச்சி வெளியே யாரோடோ பேசிக்கொண்டே வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே வாளையும் நுனியையும் காலால் அவளுடைய குவியல் பக்கம் தள்ளிவிட்டேன்.

அண்ணாச்சி பார்த்தார், கையில் எடுத்தார், முகம் மாறியது. யாருக்கோ போன் போட்டார். மறுநாள் ஒரு கல்லூரி டீச்சர் வந்தார்கள். பழங்காலத்து இரும்பைப் பற்றிப் படித்தவர்களாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை வாங்குகிற மாதிரி ரெண்டு கையாலும் வாளை வாங்கினார்கள்.

"ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும். செத்தவங்களோட சேர்த்துப் புதைச்சிருப்பாங்க" என்றார்கள். அந்தக் காலத்தில் மண்ணால் உலை கட்டி, கரி போட்டு, துருத்தி ஊதிக் கல்லிலிருந்து இரும்பைப் பிரிப்பார்களாம். கிடைக்கிற கட்டி பொத்தல் பொத்தலாக இருக்குமாம். அதைக் காய்ச்சித் தட்டி, மறுபடி காய்ச்சித் தட்டி, உள்ளிருக்கும் கசடு வெளியே வரும்வரை தட்டி, அப்புறம்தான் வாளாக நீட்டுவார்களாம்.

"ஓரத்துக்கு மட்டும் கெட்டி இரும்பு வெச்சு அடிச்சாங்களா, முழுக்க ஒரே இரும்பான்னு இப்ப சொல்ல முடியாது. அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இது மேல துணி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்துச்சாம்மா?" என்று எங்களைப் பார்த்தார்கள். "துரு குப்பை இல்லை. துணி மக்கிப் போனாலும் துரு அந்த இழையை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கும். அந்தக் கால நெசவு நமக்கு அப்படித்தான் கிடைக்கும்."

எனக்கு ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியும். ஒன்று மணிக்கட்டில் இருந்தது. ஒன்று, முந்தானையில் முடிந்து கொண்டுபோன சில்லில், வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அடுத்த குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சிக்கு அவமானமாகிவிட்டது. "ஏ, யாரு இதப் போட்டு இந்த அடி அடிச்சது? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினார். பிறகு பக்கத்தில் இருந்தவள் பக்கம் திரும்பினார். "ஒன் குவியல்லதான கெடந்துச்சு? வாய் மட்டும் காது வரைக்கும் நீளுது, கையில ஒரு பதனம் கெடையாது. நாளைலருந்து நீ வர வேண்டாம்."

"நான் தொடவே இல்ல அண்ணாச்சி" என்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போனாள். நான் குனிந்து ஒரு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தேன். கூச்சக்காரி என்று எனக்குப் பெயர். அதனால் நான் குனிந்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெண்டு மாசம் போனது. ஒருநாள் அரிசி டப்பாவை நகர்த்தினேன். சில்லைச் சுற்றி வைத்த துணியெல்லாம் மஞ்சளாக ஈரம். பிரித்தால் உள்ளே பொடி. எங்கள் பக்கத்துக் கடல் காற்று தாழ்ப்பாளையே தின்றுவிடும், இதை விடுமா? நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. அதில் நாலைந்து இழை தெரிந்தது.

அதை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். அவள் மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு வெளியே இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியோ, "நான்தான் அடிச்சேன். நான்தான் ஒன் பக்கம் தள்ளுனேன்" என்று சொன்னேன்.

அவள் இறாலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும். தண்ணி குடிச்சிட்டு திரும்பறேன், நீ கால்ல தள்ளிகினு கீற. முந்தானைல முடிஞ்சதையுந்தான் பாத்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். எத்தினி நாளு ஒனக்கோசரம் நான் பேசிக்கிறேன், ஒரு நாளு எனக்கோசரம் நீ பேச மாட்டியா?" உரித்த தோலைக் கூடையில் வீசினாள். "போ. அந்த டீச்சரம்மாவாண்ட சொல்லு."

"எனக்குப் பேச வராது."

"கை கீது இல்ல? எழுது."

எழுதினேன். ஒரு முழு நீளத் தாளில் ரெண்டு பக்கமும். நெசவு எவ்வளவு நெருக்கமாக இருந்தது, மடிப்பு எந்த இடத்தில், கைப்பிடியில் மர ரேகை எப்படி ஓடியது, நடுவில் அடி எப்படி அமுங்கியது, ஓரத்தில் எப்படித் துள்ளியது என்று. தட்டினது, உடைத்தது, காலால் தள்ளினது எல்லாவற்றையும் எழுதி, அதையே இன்னொரு தாளிலும் பார்த்து எழுதி, அண்ணாச்சியிடம் ஒன்றும், கல்லூரிக்குப் போய் டீச்சரிடம் தீப்பெட்டியோடு ஒன்றும் கொடுத்தேன். டீச்சர் தீப்பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியால் வெகு நேரம் பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி அவளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன்.

"கோவம் இல்ல யக்கா" என்றாள். "ஒன் பக்கத்துல வந்து குந்தறதுக்கு இன்னும் கொஞ்ச நாளாவும்."

அவள் மடித்து வைத்த சாக்கு அப்படியே இருக்கிறது. அந்த இடத்துக்குப் புதிதாக ஒருத்தியை அண்ணாச்சி கூட்டி வந்தபோது, அங்கே ஆள் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.