ஆறாம் நிறுத்தத்துக் கருவேல மரம்

துடியலூரில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னது, "அம்மணி, பிரேக்கு கூட அப்பறமுங்க, மொதல்ல ஆரன் எங்க இருக்குதுன்னு பாத்துக்கோங்க" என்பதுதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரி என்று தெரியும். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதத்தில் என் வலது கட்டைவிரல் தானாகவே ஹாரன் மேல் போய் உட்காரும்படி ஆகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழியைக் கட்டைவிரல் தலையில் கட்டித் தப்பிக்க அல்ல. அன்றைக்கு விரல் தானாகப் போகவில்லை. நான்தான் அனுப்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீதியில் கார் ஓட்டிய பொம்பளை நான் ஒருத்திதான். பழைய கார், எங்களுக்கு முன்னால் இரண்டு கை மாறியது. வாங்கியவர் என் வீட்டுக்காரர். ஓட்டப் பயந்தவரும் அவர்தான், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். "டிரைவர் கூடவே இருக்கறப்ப நான் எதுக்கு ஓட்டோணும்?" என்று காலை நீட்டிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடையும் பட்டறை வைத்திருந்தார். மனிதர் நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர், என் தோழி சயின்ஸ் டீச்சர். பெருந்துறைக்கு அந்தப் பக்கம், ஈரோட்டுக்குத் தெற்கே அவளுடைய அம்மா ஊர். அங்கே ஒரு பெரிய குளம். ஐப்பசி கார்த்திகையிலிருந்து கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் என்று எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கி, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். சரணாலயம் என்று ஒரு போர்டு வைத்திருந்தார்களே தவிர, டிக்கெட் கொடுக்கவோ சுற்றிக் காட்டவோ ஆள் கிடையாது. அதனால் இவளே நாலு தாளில் குளத்தை வரைந்து, கரையைச் சுற்றி எட்டு இடத்தில் நம்பர் போட்டு, எங்கே வண்டியை நிறுத்துவது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று எழுதிக் குண்டூசி குத்தி வைத்திருந்தாள். "அக்கா, யாரும் வேண்டாமுங்க. நீங்களே ஓட்டிட்டுப் போயி, நீங்களே பாத்துட்டு வந்துரலாம்" என்று என்னிடம் கொடுத்தாள். அவள் அப்போது பிள்ளை பெற்று லீவில் இருந்தாள். "ஆறாவது இடத்துல எத்தன கூடுன்னு மட்டும் எனக்காக எண்ணிட்டு வந்துருங்க."

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். கோவில்பாளையம், அன்னூர், அவிநாசி, பெருந்துறை. வழியெல்லாம் வீட்டுக்காரர் பாடிக்கொண்டே வந்த பாட்டு ஒன்றுதான்: "கொக்குப் பாக்கறதுக்கு இத்தன தூரமா? நம்மூருக் குளத்துல இல்லாத கொக்கா?"

அவிநாசி தாண்டியதும் தோழியின் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். ஆறாம் நிறுத்தத்துக்குக் கீழே சிவப்பு மையில் இப்படி இருந்தது: "கரையோரத் தனிக் கருவேல மரம். நத்தைகுத்தி நாரை. மற்ற மரங்களில் குஞ்சுகள் பெரிதாகிவிட்டன. இவை தாமதமாக வந்தவை, இன்னும் முட்டைதான். ரோட்டுக்கு ரொம்பப் பக்கம். எதிர்த் தோட்டத்துக்காரர் இந்த மரத்துக்காகவே கிணற்றில் வெடி வைக்காமல் இருக்கிறார். எஞ்சினைத் தூரத்திலேயே அணைக்கவும். ஹாரன் கூடவே கூடாது."

எங்கள் பக்கத்தில் கிணறு வற்றினால் பாறையில் குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா வைத்து வெடித்து ஆழப்படுத்துவார்கள். நாலு வீட்டுப் பாத்திரம் அலமாரியிலிருந்து விழும், அப்படியொரு சத்தம். அந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை என்று தோழி சொல்லியிருந்தாள். பட்டாசு சரி. வற்றின கிணற்றையும் ஆழப்படுத்தாமல் போட்டு வைத்திருக்கிறார் என்றால்?

"கெணறு வத்திப் போயும் கொக்குக்காக ஒருத்தன் கையக் கட்டீட்டு இருக்கறானா? பொழைக்கத் தெரியாத ஆளு" என்றார் வீட்டுக்காரர். பம்பு பட்டறைக்காரர், வறண்ட கிணறு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனோம்.

முதல் ஐந்து நிறுத்தங்களிலும் நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். மதகு, ஆலமரம், வளைவு என்று தாளைப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குசுகுசுவென்று "அதா, அது கூழைக்கடாங்க, அலகுக்குக் கீழ பையி தெரியுதா?" என்று காட்டினேன். அவர் கொட்டாவி விட்டார். மூன்றாவது நிறுத்தத்தில் வாட்சைப் பார்த்தார். ஐந்தாவதில், "மரத்து மேல பழந்துணி காயப் போட்டாப்ல இருக்குது. ஒண்ணாவது அசையுதா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறாவது இடத்துக்கு வந்தோம். தூரத்திலேயே எஞ்சினை அணைத்து வண்டியை உருள விட்டேன். மரம் ரோட்டிலிருந்து ஒரு வீட்டு வாசல் தூரம்தான். கூடுகளை எண்ணினேன், பதினாலு. ஒவ்வொன்றிலும் ஒரு நாரை அலகை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அடைகாத்தது. அவருக்குக் காட்டலாம் என்று திரும்பிப் பார்த்தால் இந்த மனுசன் குறட்டை விடுகிறார்!

எழுப்பினேன். ஒரு கண்ணைத் திறந்து, "பறந்தா சொல்லு புள்ள, பாக்கறேன்" என்று மறுபடி மூடிக்கொண்டார்.

சுர்ரென்று ஏறியது எனக்கு. நீ பார்க்கிறாயா இல்லையா என்று பார்க்கிறேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வாய்விட்டே சொன்னேன். ஹாரனை அமுக்கினேன். விட்டு விட்டு மூன்று தடவை.

மரம் அப்படியே வெடித்த மாதிரி அத்தனை நாரையும் எழும்பின. தலைக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாக இறக்கைகள், காற்று முகத்தில் அடித்தது. வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்து, "அட சாமி! அடேங்கப்பா!" என்று கையைத் தட்டினார். நான் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இது மொத்தமும் பொய்யாகிவிடும். ஜெயித்த மாதிரி, நன்றாகவே சிரித்தேன்.

அப்புறம் காக்கைகள் வந்தன. பனை மரத்திலிருந்து நாலைந்து, பிறகு எங்கிருந்தோ பத்துப் பதினைந்து. ஆள் இல்லாத கூட்டில் உட்கார்ந்து கொத்தின. ஒன்று முட்டையை வாயில் கவ்விக்கொண்டு எங்கள் காருக்கு மேலேயே பறந்து போனது. இன்னொரு முட்டை தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நாரைகள் மேலே சுற்றிக்கொண்டே இருந்தன, நாங்கள் கீழே நின்றதால் இறங்கவில்லை. "அட கெரகமே" என்றார் வீட்டுக்காரர், இப்போது மெதுவாக.

எதிர்த் தோட்டத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும், காலில் செருப்பில்லை, துண்டு தோளிலிருந்து நழுவிக் கையில் கிடந்தது. திட்டப் போகிறார், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் மரத்தைப் பார்த்தார், காக்கைகளைப் பார்த்தார், மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, ஆரன் மாட்டிக்கிச்சுங்களா?"

வேண்டுமென்றே ஒருத்தி அடித்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை என்று அப்போது நினைத்தேன்.

"ஆமாங்ணா, மாட்டிக்கிச்சுங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"பாவம், நீங்களே பயந்து போயிருப்பீங்க" என்று சொல்லிப் பானெட்டைத் திறக்கச் சொன்னார். தேடி ஒரு வயரை இழுத்துக் கழற்றிவிட்டார். "இனி கத்தாதுங்க. ஆனா வண்டிய இங்க ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அதுக இப்பத்தான் எறங்கப் பாக்குது. தள்ளீட்டுப் போயரலாம்." தோட்டத்துப் பக்கம் கையை ஆட்டினார். அவர் சம்சாரம் வந்தார், சேலையைச் செருகிக்கொண்டு. என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு பேரும் என் வீட்டுக்காரரும் வண்டியைத் தள்ளினார்கள். மரத்தைத் தாண்டும்வரை மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கத் தள்ளினார்கள். தப்பு செய்தவள் ராணி மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் வாழைத் தோட்டத்தை ஒட்டித்தான் போனோம். தார் தள்ளும் பருவம். இலையெல்லாம் மஞ்சளாகி ஒடிந்து தொங்கியது. அந்தம்மா ஜன்னல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே சொன்னார், "கெணத்துல தண்ணி இல்லீங்க அம்மணி. பொறிச்சு, குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகுமாமா. வாழ அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியலீங்க."

தார் ரோட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கிளம்பப் போனவளை நிறுத்தி, அந்தம்மா ஓடிப்போய், முந்திப் பழுத்த தாரிலிருந்து ஒரு சீப்புப் பூவன் பழம் கொண்டுவந்து சீட்டில் வைத்தார். தண்ணீர் போதாமல் விரலளவுக்குச் சூம்பின பழம். "ஒறம்பறை, விருந்தாளின்னு வந்தவங்க, வெறுங்கையோட போகக் கூடாதுங்க."

அன்னூர் தாண்டும்போது வீட்டுக்காரர் இரண்டு பழத்தை உரித்துத் தின்றார். "உங்களுக்கு எப்படித்தான் எறங்குதோ!" என்று கத்தினேன். "ஆரன் அடிச்சது நீயி, பட்டினி கெடக்கறது நானா?" என்றார். வீட்டில் மீதிப் பழம் கூடையிலேயே கறுத்து, கடைசியில் மாட்டுக்குப் போட்டேன்.

மறுநாள் தோழி வீட்டுக்குப் போனேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியே, "ஆறாவது இடத்துல எத்தனைங்க அக்கா?" என்றாள். "பதினாலு" என்றேன். நான் எண்ணியபோது பதினாலுதானே இருந்தது! கணக்கு டீச்சர் சொன்ன கணக்கு என்று அவள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் பதினாலு என்னைப் பிடித்து ஆட்டியது. சாக்பீஸை எடுத்தால் அது, சோற்றில் கை வைத்தால் அது. வீட்டுக்காரர் இரண்டு தடவை ஹாரன் வயரை மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஹாரன் இல்லாமலேதான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன், பஸ்காரர்களிடம் வாங்கிய வசவுக்கு அளவில்லை.

மாசி பாதியில் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பினேன். அந்த மனிதரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். குளத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது தொம் என்று ஒரு சத்தம். கார்க் கண்ணாடி அதிர்ந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

கிணற்று வெடி. அவர் வெடி வைத்துவிட்டார் என்றால் மரத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். போய்ப் பார்க்கத் தேவையே இல்லை. அங்கேயே திரும்பியிருக்கலாம், திரும்பத்தான் நினைத்தேன். ஆனாலும் போனேன்.

ஆறாம் நிறுத்தத்தில் வெறும் சுள்ளிக் கூடுகள் மட்டும் கிளைகளில் இருந்தன. எண்ணவில்லை. தோட்டத்துக்குள் நடந்தேன். கிணற்று மேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார், உடம்பெல்லாம் கல்தூசி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க அம்மணி, வாங்க! தனியா ஓட்டியாந்தீங்களா?"

நான் கேட்காமலே சொன்னார். "பத்து நாளு சுத்திச் சுத்தி வந்துதுங்க. பொறவு ஒண்ணொண்ணாப் போயிருச்சு. மரம் காலியானதுக்கு மேல யாருக்காகப் பாக்கறதுன்னு வெடி வெச்சுப்போட்டேன். முந்தாநேத்தே ஊத்து கண்டுருச்சு. இன்னம் சித்த ஆழம் போலாம்னு இன்னைக்கு ஒண்ணு."

அவர் சம்சாரத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்க ராசிதானுங்க அம்மணி! நீங்க வந்துட்டுப் போன நேரம் எங்களுக்குத் தண்ணி வந்துருச்சு. வாழ பொழச்சுக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைக் கேட்டதும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அத்தனையையும் விழுங்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கையை உதறவும் முடியவில்லை.

அந்தம்மா அடுப்பைப் பார்க்கப் போனார். அவர் குடத்திலிருந்து தெளிந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு என்னிடம் கொடுத்தார். "ஆரன் சரி பண்ணீட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்ணா."

தலையை ஆட்டினார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாட்டிக்கிட்ட ஆரன் ஒரே மூச்சாத்தானுங்க கத்தும் அம்மணி. உட்டு உட்டு மூணு தடவ கத்தாதுங்க."

குரலில் கோபம் இல்லை. பம்பு ஓடுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "அன்னைக்கே கேட்டிருக்கலாமுங்களே, ஏனுங்ணா கேக்கல?" என்றேன்.

"ஊட்டுக்காரரும் கூட இருந்தாருங்க. ஒறம்பறைய நடு ரோட்டுல நிக்க வெச்சுக் கேக்கறதுங்களா?" என்றார். "குடிங்க. புது ஊத்து. எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

குடித்தேன். அவ்வளவு இனிப்பான தண்ணீரை நான் எங்கேயும் குடித்ததில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றேன், அழுதுகொண்டே.

அவர் சொம்பை வாங்கி மறுபடி நிரப்பினார். "இன்னங் கொஞ்சம் குடிங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தேன்.